உப்பில்லாச் சோறு

ஜெமிமாவின் காலை மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, அடுப்புத் தீயில் காட்டிக் காய்ச்சிப் பார்த்துவிட்டுத்தான் இசபெல்லா காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். இரண்டு மாதமாக அந்தக் குசினியில் பொழுது இப்படித்தான் விடிந்தது. குழாயின் மேல்பாதி மட்டும் சூடேற வேண்டும். கொதித்ததும் இரண்டு சொட்டு வினிகர் விட வேண்டும். தெளிவாகவே இருந்தால் நல்லது. பால் விட்டதுபோல் கலங்கினால் புரதம் போகிறது. முட்டை வெள்ளையாட்டம் கட்டி தட்டினால் நிறையப் போகிறது. பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தது இது.

அன்றைக்கும் கட்டி தட்டியது. குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாலும் அதேதான். நோட்டில் தேதி போட்டு மூன்று கூட்டல் குறி போட்டாள். முந்தின பக்கமும் அதற்கு முந்தின பக்கமும் கூட்டல் குறிகளாகவே இருந்தன, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளைப்போல. அப்படித் தோன்றியதும் நோட்டை மூடிவிட்டாள்.

உள்ளே ஒன்பது வயது மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இப்போதெல்லாம் உட்கார்ந்தபடிதான் பாதித் தூக்கம். கண் இரண்டும் வீங்கிக் கோடாகிக் கிடந்தன. கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

டிசம்பரில் ஆரம்பித்தது இது. கிறிஸ்மஸ் பூசைக்குப் புதுப் பாவாடை கட்டிப் போனபோது தெரேஸ்புரத்துப் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். பிள்ளை தெளிஞ்சிட்டா, சதை பிடிச்சிட்டா, நிறமும் வந்துட்டு என்றார்கள். இசபெல்லாவுக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. பொங்கல் கழிந்து கால் வீங்கியது, பிறகு வயிறு. குழந்தைகள் வார்டில் சேர்த்து, ரத்தமும் நீரும் எடுத்துப் பார்த்து, சிறுநீரகம் புரதத்தை நிறுத்தி வைக்க மாட்டேன் என்கிறது, ஓட்டைச் சல்லடை மாதிரி வெளியே விடுகிறது என்று சொன்னார்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். உப்பு ஆகாது என்றார்கள்.

உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில், கருவாடு காயாத வாசல் இல்லாத தெருவில், அந்தப் பிள்ளைக்கு உப்பில்லாச் சோறு ஆக்கினாள் இசபெல்லா. தனிச் சட்டி, தனி அகப்பை. உப்பு ஜாடியைக் கொண்டுபோய் அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள். தாலிச் சரட்டில் அந்தச் சாவி கிடந்தது.

அவள் புருஷன் சிலுவை தோணிக்காரன். பழைய துறைமுகத்தில் வெங்காயமும் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணியில் பத்து வருஷமாக ஓடுகிறான். செப்டம்பரில் தொடங்கினால் மே மாதம் காற்று மாறும்வரை போக்கும் வரவும்தான். நடுவில் நாலு நாள், ஐந்து நாள் வீட்டில் இருப்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்தான். மேலே தெரியாத எழுத்து. பெயரோ, செய்த ஊரோ கிடையாது. மாலேயில் ஒரு கடையில் தோணிக்காரர்களுக்கென்றே எடுத்து வைத்து விற்கிறார்களாம். மூடியைத் திறந்து அவனே விரல் நுனியில் தொட்டு, சமைத்துக்கொண்டிருந்தவளின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தான். கரி பிடித்த கையோடு அவள் அவனைத் தள்ளிவிட்டாள். அன்றைக்கெல்லாம் அந்த இடம் குளிர்ந்துகொண்டே இருந்தது.

இசபெல்லா கறுப்பு. சிலுவை வீட்டில் எல்லாரும் வெளுப்பு. ஜெமிமா பிறந்த அன்று தொட்டிலில் எட்டிப் பார்த்த சிலுவையின் அக்கா ரோஸ், எங்க வீட்டுல இந்த நிறத்துல யாரும் இல்லியே என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஒன்பது வருஷமாக இசபெல்லா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இந்த மே மாதம் ஜெமிமாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன், வெள்ளைத் தலைமுக்காடு, கையில் மெழுகுவர்த்தியோடு ஒரு போட்டோ. அந்தப் போட்டோ எல்லா வீட்டிலும் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் சாகும்வரை தொங்கும். வெள்ளைக்குள் பிள்ளை முகம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று, நவம்பரில் சகல ஆத்துமாக்கள் திருநாள் முடிந்த கையோடு இசபெல்லா அவளுக்கும் கிரீம் தடவ ஆரம்பித்திருந்தாள். சாயங்கால ஜெபம் முடிந்ததும் முகம் கழுவி, நெற்றியிலிருந்து கழுத்துவரை. தடவி முடித்து மீதியைத் தன் கன்னத்தில் பூசிக்கொள்வாள். பிறகு இருவரும் ஒரே தலையணையில் முகத்தோடு முகம் வைத்துப் படுப்பார்கள்.

மருந்து வேலை செய்ததும் செய்யாததும் அவளுக்கு விளங்காமலே இருந்தது. ஜனவரியில் பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தபோது புரதம் மூன்று கூட்டலிலிருந்து ஒன்றுக்கு வந்து, கடைசி இரண்டு நாள் இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் பழையபடி ஆனது. மார்ச்சிலும் அப்படியே. ஆஸ்பத்திரிக்கு அவள் அந்த டப்பாவைக் கொண்டுபோவதில்லை. வார்டுப் பெண்கள் பார்த்துவிட்டுப் பேசுவார்கள். திரும்பி வந்ததும் பிள்ளை முகம் மங்கிப்போயிற்றே, புதுநன்மைக்கு நாள் இல்லையே என்று முன்னைவிட அழுத்தித் தடவினாள்.

ரோஸ் இதற்கு ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"அங்கன இருந்தா சரியாவுது, இங்கன வந்தா கூடுது. அப்ப வீட்டுலதானளா என்னமோ இருக்கு? உனக்குத் தெரியாம பிள்ள உப்பத் திங்கா. நீ நண்டுக்குப் போயிட்ட, யாரு பாக்கா?"

இசபெல்லாவுக்கு அது சரியென்று பட்டது. விடிந்து ஏழு மணிக்கு நண்டு வலை வள்ளங்கள் கரைக்கு வந்துவிடும். வலையில் சிக்கிக் கிடக்கும் நண்டைக் கால் முறியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு கால் போனாலும் கம்பெனிக்காரன் தள்ளி வைத்துவிடுவான். கடற்கரையில் சாக்குப் பந்தலுக்குக் கீழே பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஊர் வம்பெல்லாம் பேசியபடி மத்தியானம் ஒரு மணிவரை கை ஓயாமல் எடுப்பார்கள். முள் குத்தின விரலில் உப்புத் தண்ணீர் படும்போது உயிர் போகும். அந்த ஆறு மணி நேரம் ஜெமிமா வீட்டில் தனியாகத்தான் இருந்தாள்.

தவக்காலத்தில் ஒரு நாள் அவள் திரும்பி வந்து பார்த்தபோது, தனக்கென்று பொரித்து மூடி வைத்திருந்த சாளை மீனில் இரண்டு குறைந்திருந்தது. மகளைப் பிடித்து இழுத்து வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தாள். தன் கையெல்லாம் மீன் வாடையாக இருக்கும்போது எதை மோந்து என்ன தெரியும்?

"நான் திங்கலம்மா."

"பொய் சொல்லாத. புதுநன்மை வாங்கப்போற பிள்ள பொய் சொல்லுமா?"

"பூன வந்திச்சும்மா."

அகப்பைக் காம்பால் நாலு அடி. வீங்கின உடம்பில் அடி தடித்து எழவில்லை, குழியாக விழுந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. மூன்றாம் அடியிலேயே ஜெமிமா பூனையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, இனிமே திங்க மாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அன்று சாயங்காலம் இசபெல்லா அழுதுகொண்டே மகளின் முகம் கழுவி, வழக்கத்தைவிட மெதுவாக, வழக்கத்தைவிட நிறையக் கிரீம் தடவினாள்.

நோட்டை மூடிய அந்தக் காலையில், ஏப்ரல் முதல் வாரம், அவர்கள் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். துணைக்கு ரோஸ் வந்தாள். ஆட்டோவில் பிள்ளையின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் அந்தக் குணமும் உண்டு.

டாக்டர் விஷ்ணுப்ரியா புதிதாக வந்தவள். ஆழ்வார்திருநகரிப் பக்கம். வயது முப்பதுக்கு மேல் இருக்காது. நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒன்றுவிடாமல் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை மட்டும் பேனாவால் வட்டமிட்டாள்.

"நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களாம்மா? செந்தூரம், பஸ்பம், லேகியம்?"

"இல்ல டாக்டரம்மா."

"வலி மாத்திரை? பாம்பு, பூச்சி கடிச்சதா? தலைமுடிக்கு மை?"

ஒன்றுமில்லை என்றாள் இசபெல்லா. ரோஸ் குறுக்கே விழுந்து, வீட்டில் உப்பைப் பூட்டி வைத்திருக்கிறோம், அப்படியும் பிள்ளை களவாகத் தின்கிறாள் என்று சொன்னாள். உப்பு தின்றால் வீக்கம் கூடும், புரதம் இப்படிப் போகாது என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஜெமிமாவின் காதை மடக்கிப் பின்புறம் பார்த்தாள். காதுக்குப் பின்னால் ஒரு நிறம், கன்னத்தில் ஒரு நிறம். கையை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"முகத்துக்கு என்ன போடுறீங்க?"

இசபெல்லா ரோஸைப் பார்த்தாள். ரோஸ் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கிறிஸ்மஸ் அன்று இதே ரோஸ்தான் கோயில் வாசலில் நாலு பேர் கேட்க, பாருங்களா, எங்க வீட்டு நிறம் திரும்புது பிள்ளைக்கு என்று சொன்னவள். ஒன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அது டப்பாவிலிருந்து வந்த நிறம் என்று தெரிந்தால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வாள்.

"பவுடர் மட்டுந்தான்" என்றாள் இசபெல்லா.

"நிச்சயமா?"

"மாதா சத்தியமா."

டாக்டர் எதையோ எழுதிவிட்டு, சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், ஈஸ்டர் கழிந்து வாருங்கள் என்றாள். எதற்காகக் கேட்டாள் என்று சொல்லவில்லை. இசபெல்லாவும் கேட்கவில்லை. பூசுகிற சாமானுக்கும் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? வயிற்றுக்குள் போகாத ஒன்று வயிற்றை என்ன செய்யும்? அப்படித்தான் நினைத்தாள். அன்று சாயங்காலமும் தடவினாள். அதற்குப் பிறகு பதினாறு சாயங்காலம்.

ஈஸ்டருக்கு மறுநாள் ஜெமிமா இடது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். குழாயில் பிடித்தபோது கறுப்புக் காப்பி நிறத்தில் வந்தது. காய்ச்சிப் பார்க்க அவசியமே இருக்கவில்லை.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த விஷ்ணுப்ரியா இசபெல்லாவை மட்டும் தனியாக அழைத்துப் போனாள். புரதம் இப்படி இறங்கிக்கொண்டே இருந்தால் ரத்தம் கெட்டியாகும், இடது சிறுநீரகத்துக் குழாயில் உறைந்து அடைத்துவிட்டது என்றாள். இசபெல்லா சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து அந்த வெள்ளை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எதனாலென்று அவளுக்கு அப்போதும் தெரியாது. ஆனால் மாதாமேல் பொய்ச் சத்தியம் பண்ணியிருந்தாள். வலி வந்த நிமிஷத்தில் அது ஒன்றுதான் அவள் நினைவில் இருந்தது.

டாக்டர் டப்பாவைத் தொடாமல் ஒரு காகிதத்தால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

டப்பாவும் பிள்ளையின் நீரும் ரத்தமும் சென்னைக்குப் போயின. இசபெல்லாவின் ரத்தமும் போயிற்று. பத்தாம் நாள் முடிவு வந்தது. பாதரசம். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சிக்குள் வெள்ளியாட்டம் ஓடுமே, அது. தோல் வெளுக்கட்டும் என்று கிரீமில் கலக்கிறார்கள். தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தலையணையில், துவாலையில், தாயின் கன்னத்தில் இருந்தாலும் பிள்ளைக்கு ஒட்டும். இசபெல்லாவின் ரத்தத்திலும் அது இருந்தது. பூசுவதை விட்டால் பல பேருக்குச் சரியாகிவிடும் என்றாள் டாக்டர். விட்டபோதெல்லாம் ஜெமிமாவுக்குச் சரியானதை நோட்டே சொல்கிறது. ஆனால் அடைத்த சிறுநீரகம் சுருங்க ஆரம்பித்துவிட்டது, அது இனி வராது. மற்றது பாதிதான் வேலை செய்கிறது.

"பிள்ள பொழைச்சிருமா டாக்டரம்மா?"

"பாக்கலாம்மா."

இசபெல்லாவுக்கு அந்த வார்த்தை தெரியும். புயலில் வள்ளம் திரும்பாத வீட்டு வாசலில் நின்று எல்லாரும் சொல்கிற வார்த்தை.

வீட்டில் இருந்த தலையணை, போர்வை, துவாலை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். ரோஸ்தான் போய்க் கட்டினாள். மறுநாள் பிள்ளைக்கு உப்பில்லாத கஞ்சியும் இசபெல்லாவுக்கு மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் அன்னைக்கு அந்தச் சொல்லச் சொல்லியிருக்கக் கூடாது."

எந்த அன்றைக்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. இசபெல்லா அந்தக் குழம்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். ஒன்பது வருஷம் ஏங்கின சமாதானம் இப்படி வந்து சேர்ந்தது.

சிலுவை மே மாதம் முதல் வாரம் கடைசி நடை முடித்து இறங்கினான். கடலில் இருந்தவனிடம் சொல்ல வேண்டாம் என்று இசபெல்லா சொல்லியிருந்தாள். துறைமுகத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தவனை வராந்தாவில் உட்கார வைத்து அவளே சொன்னாள். கையிலிருந்த பையைத் திறந்து பார்த்தான். அதற்குள் இன்னும் மூன்று டப்பா இருந்தது. பையை மூடிப் பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளினான்.

"நான் வாங்கியாந்ததுதான" என்றான்.

"நாந்தான போட்டேன்."

"எனக்கு உன் நிறமே போதும்னுதான் இருந்துச்சு, இசபெல். தோணில அத்தன பேரும் வாங்குதான். நான் மட்டும் வெறுங்கையோட வந்து நின்னா நீ என்ன நெனப்பியோன்னு."

"எனக்கும் வேண்டாம்னுதான் இருந்துச்சு. நீங்க ஆசையா வாங்கியாந்தீங்களேன்னு."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட மிக அன்பான பேச்சு அதுதான். அதைச் சொல்ல இடமும் நேரமும் அப்படி வாய்த்தது.

அன்று சாயங்காலமே சிலுவை தன்னோடு ஓடுகிற தோணிக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். இரண்டு வீட்டில் டப்பாவைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி, எங்களுக்கு ஒண்ணும் செய்யலியே அண்ணே, உங்க பிள்ளைக்கு முன்னயே என்னமோ இருந்திருக்கும் என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. ஜெமிமாவை வார்டிலிருந்து எடுக்க முடியாது என்று ஆனதும் பங்குச்சாமி, நானே வாரேன் என்றார். முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு முதல்முறையாகப் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைச் சாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. இசபெல்லா பிள்ளைக்கு முகம் கழுவி, ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்த கை ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு சட்டென்று எடுத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் மகளின் கன்னத்தில் முகம் வைப்பதில்லை.

"புதுநன்மை கிளாஸ் சிஸ்டர் அஞ்சு பாவமாவது யோசிச்சு வெக்கச் சொன்னாங்கம்மா" என்றாள் ஜெமிமா. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "ஜெபம் சொல்லும்போது தூங்குனது. அனிஷ நாயின்னு ஏசுனது. ஸ்டெபியோட கவுன் மேல ஆசப்பட்டது. நாலாவது ஞாபகம் வரமாட்டேங்கு. அஞ்சாவது உப்பு."

"என்ன உப்பு?"

"களவா தின்னது."

"நீதான் திங்கலியே, ஜெமி. பூனைதான தின்னிச்சு?"

ஜெமிமா யோசித்தாள். "நீ தின்னேன்னு சொன்னியே. நான் மறந்திருப்பேன். திங்காம எனக்கு ஏம்மா கூடுது?"

இசபெல்லா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் சொன்னாள், சிலுவையிடம் சொன்னாள். இவளிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

"அது உப்பால இல்லம்மா. அம்மா உனக்குத் தடவுனேன்லா, அந்தக் கிரீமால. அதுல விஷம் இருந்திருக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லதுக்குத்தான போட்ட?"

"ஆமா."

"அப்ப அது பாவம் இல்ல" என்றாள் ஜெமிமா, சிஸ்டர் வகுப்பில் சொல்கிற குரலில். "தெரிஞ்சு செஞ்சாத்தான் பாவம். உப்புதான் பாவம். நான் அதச் சொல்லிருதேன்."

சாமி வந்துவிட்டார். நர்ஸ் பச்சைத் திரையை இழுத்து மூடினாள். சங்கீர்த்தனம் நடக்கிற இடத்தில் தாய்கூட நிற்கக் கூடாது. இசபெல்லா வாசல்வரை போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வார்த்தை எதுவும் கேட்கவில்லை. நிறுத்தி நிறுத்தி ஒரு சின்னச் சத்தம் வந்தது, பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, பிறகு சாமியின் குரல். திரையை விலக்கி வெளியே வந்த சாமி கழுத்துத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். இசபெல்லாவைக் கடந்து போகும்போது தலை நிமிரவில்லை.

"பத்து அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரும்மா" என்றாள் ஜெமிமா. "மூச்சு முட்டுனா உங்க அம்மாவச் சேத்துக்கன்னாரு. நீ பாதி சொல்லுதியா?"

இசபெல்லா தரையில் முழங்காலிட்டாள். இருவருமாகத் தொடங்கினார்கள். மூன்று சேர்ந்து சொன்னார்கள். நாலாவதன் நடுவில் ஜெமிமாவின் உதடு மட்டும் அசைந்தது, அப்புறம் அதுவும் நின்று கண் சொருகியது. நர்ஸ் வந்து கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையைத் தூக்கிப் பார்த்தாள். பையின் அடியில் ஒரு விரற்கடை நின்றது. காலையிலிருந்து அவ்வளவுதான். அட்டையில் எழுதிவிட்டு டாக்டரைக் கூப்பிட நடந்தாள்.

மிச்சத்தை இசபெல்லா தனியாகச் சொன்னாள். பத்து முடிந்தது. அவள் எழுந்திருக்காமல் பதினொன்றாவதைத் தொடங்கினாள்.